இளங்கலையிலேயே நரம்பறிவியல்: பல துறைகளைக் கோத்துப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

மூளையைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டுக் கல்லூரிக்குள் வரும் மாணவர் முதல் வாரத்திலேயே திணறிப்போவார். நியூரான் எனும் நரம்பு செல் பற்றிய பாடம் உயிரியல் துறையில் இருக்கும். நினைவும் கவனமும் உளவியலில். மூளை அலைகளை அலசும் முறைகள் மின்பொறியியலில். செயற்கை நரம்பு வலைப்பின்னல் கணிப்பொறித் துறையில். பிரக்ஞை என்றால் என்ன என்ற விவாதம் தத்துவத்தில். பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் மருத்துவத்தில். எல்லாமே வேண்டும் என்று தோன்றும். எல்லாவற்றையும் எடுத்தால் எதுவும் கைவசம் நிற்காது.

இந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு பிறக்கும். ஆண்ட்ரூ ஹக்ஸ்லி கேம்பிரிட்ஜில் இயற்பியல், வேதியியல், கணிதம் இவற்றோடு உடலியலையும் சேர்த்துப் படித்தவர். ஆலன் ஹாட்ஜ்கினோடு சேர்ந்து 1952-ல் நரம்புத் துடிப்பைச் சமன்பாடுகளாக எழுதினார். செல் சவ்வில் அயனிகள் கடந்துபோகும் ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் முறையை 1976-ல் கொண்டுவந்த இருவரில் எர்வின் நேயர் இயற்பியல் படித்தவர், பெர்ட் சாக்மன் மருத்துவம் படித்தவர். மூளைக்குள் இடத்தை அறியும் செல்களுக்காக 2014-ல் நோபல் பெற்ற ஜான் ஓ'கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் மூவரும் உளவியல் படித்தவர்கள்.

இவர்கள் பல துறைகளைத் தொட்டவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரிடமும் கூர்மையான ஒரு கருவியும், விடாமல் துரத்திய ஒரு கேள்வியும் இருந்தன. இந்த வழிகாட்டி முழுவதும் நான் சொல்லப்போவது இதைத்தான்: எத்தனை துறைகளுக்குள் போவது என்பதை உங்கள் கேள்வி முடிவு செய்யட்டும், எவ்வளவு ஆழம் போவது என்பதை ஒரே ஒரு துறை கற்றுத்தரட்டும்.

படி 1: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"மூளை எப்படி வேலை செய்கிறது?" என்பது ஆர்வம். அதை வைத்துப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. "படித்துவிட்டுத் தூங்கி எழுந்தால் ஏன் நன்றாக நினைவில் நிற்கிறது?" என்பது கேள்வி. இதையே எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், "நினைவில் நிற்கிறது" என்பதை அளந்தாக வேண்டும். அது உளவியல். சொல் ஜோடிகளை மனப்பாடம் செய்யவைத்து, ஒரு குழுவைத் தூங்கவிட்டு, இன்னொரு குழுவை விழித்திருக்கச் செய்து, பிறகு சோதிக்கலாம். ஆனால் விழித்திருந்தவர்கள் குறைவாகச் சொன்னது தூக்கம் இல்லாததாலா, வெறும் களைப்பாலா? சோதித்த நேரம் காலையா மாலையா என்பது காரணமா? இந்தச் சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழிக்கும்படி சோதனையை வடிவமைப்பதுதான் உளவியல் தரும் பயிற்சி. அதோடு எந்த வகை நினைவு என்றும் கேட்க வேண்டும். 1953-ல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புதிய நினைவுகளை உருவாக்க முடியாமல் போன எச்.எம். என்ற நோயாளியை பிரெண்டா மில்னர் ஆராய்ந்தார். கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அந்த நோயாளி நாளுக்கு நாள் முன்னேறினார், ஆனால் முன்பு அதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நினைவு என்பது ஒரே பொருள் இல்லை என்று அதிலிருந்து துறை கற்றுக்கொண்டது.

அடுத்து உடலியல். ஆழ்ந்த தூக்கத்தில் பெருமூளைப் புறணியில் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான வேகத்தில் பெரிய மெதுவான அலைகள் எழுகின்றன. அவற்றின் மேல் நொடிக்குச் சுமார் 11 முதல் 16 வரை அதிரும் சிறு கொத்துகள் ஏறிக்கொள்கின்றன. இவற்றுக்குத் தூக்கக் கதிர்கள் என்று பெயர். 1994-ல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் எலிகளின் ஹிப்போகாம்பஸில், அதாவது நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில், ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். எலி நடமாடும்போது சேர்ந்து துடித்த நியூரான்கள், பிறகு அது தூங்கும்போதும் சேர்ந்து துடிக்கும் போக்கைக் காட்டின. இது தற்செயல் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அங்கே புள்ளியியலும் சமிக்ஞை அலசலும் உள்ளே வந்துவிடுகின்றன.

ஜூலியோ டொனோனியும் கியாரா சிரெல்லியும் வேறு பக்கத்திலிருந்து வருகிறார்கள். பகலில் வலுவேறிய சினாப்ஸ்கள், அதாவது நியூரான்களுக்கு இடையேயான இணைப்புகள், தூக்கத்தில் மொத்தமாகத் தளர்த்தப்படுகின்றன என்பது அவர்கள் கருதுகோள். அதைச் சோதிக்க மின்னணு நுண்ணோக்கியும் மூலக்கூறு உயிரியலும் வேண்டும். கணிப்பொறிக்காரருக்கோ இதே விஷயம் வேறு முகம் காட்டும்: புதியதைக் கற்கும் செயற்கை வலைப்பின்னல் பழையதை அழித்துவிடுகிறது, பழையதையும் இடையிடையே ஓட்டிக் காட்டினால் அந்த இழப்பு குறைகிறது. தூக்கத்தில் நடப்பது இதுதானா?

ஒரே கேள்விதான், ஆனால் எந்தப் பாடங்கள் தேவை என்ற பட்டியல் தானாக வந்துவிட்டது பாருங்கள். எவை தேவையில்லை என்பதும் கூடவே தெரிகிறது. தண்டுவட வளர்ச்சி அருமையான பாடம்தான், இந்தக் கேள்விக்கு அது காத்திருக்கலாம். கேள்வி பின்னால் மாறினால் கவலைப்பட வேண்டாம். ஒரு கேள்வியை இப்படிப் பிரித்துப் பழகினவருக்கு அடுத்ததைப் பிரிக்க அதிக நேரம் ஆகாது.

படி 2: தாய்த்துறையைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் கல்லூரியில் நரம்பறிவியல் என்றே தனிப் பட்டம் இருக்கலாம். இருந்தாலும் அதற்குள் ஓர் அச்சு வேண்டும்: செல்லும் மூலக்கூறும், அறிதலும் நடத்தையும், கணிப்பும் கோட்பாடும் என்று பொதுவாக மூன்று பக்கங்கள். தனிப் பட்டம் இல்லையென்றால் உயிரியல், உளவியல், இயற்பியல், கணிதம், கணிப்பொறியியல், மின்பொறியியல், மொழியியல், தத்துவம் என எதிலிருந்தும் உள்ளே வரலாம்.

எதை எடுப்பது என்பதற்கு நான் சொல்லும் அளவுகோல் எளிமையானது. எந்தத் துறையின் வீட்டுப்பாடத்தை யாரும் கேட்காமலே உட்கார்ந்து செய்வீர்கள்? விரிவுரை எல்லாத் துறையிலும் சுவாரசியமாகத்தான் இருக்கும். சலிப்பான பகுதியைத் தாங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஒரே நாளில் ஐம்பது தடவை பிப்பெட் பிடிப்பது சிலருக்கு நிம்மதியாக இருக்கும். நிரல் ஏன் ஓடவில்லை என்று மூன்று மணி நேரம் தேடுவதைச் சிலர் ரசிப்பார்கள். அங்கே இருங்கள்.

இரட்டைப் பட்டம் பற்றிப் பலர் கேட்பார்கள். என் கருத்து: பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. இரண்டாவது பட்டத்தின் கட்டாயப் பாடங்கள் உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஆறேழு இடங்களை அடைத்துக்கொள்ளும். அந்த இடங்களில் மற்றத் துறையின் கடினமான பாடங்களை நேராக எடுப்பது மேல். உயிரியல் மாணவர் நிகழ்தகவுப் பாடத்தைக் கணிதத் துறையிலேயே உட்கார்ந்து படிக்கட்டும், "உயிரியலாளருக்கான கணிதம்" என்ற மெலிந்த வடிவத்தோடு நின்றுவிட வேண்டாம். அதேபோல இயற்பியல் மாணவர் ஆய்வகத்தோடு கூடிய செல் உயிரியலை எடுக்கட்டும்.

படி 3: அடிப்படைகளைக் கையால் போட்டுப் பாருங்கள்

நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, பொது வேதியியல், மின்சாரம் பற்றிய இயற்பியல், செல் உயிரியல், நிரலெழுதுதல். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் இத்தனைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டால் புரியும்.

பாலூட்டியின் நியூரானுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே 5. சோடியம் நேர்மாறு: உள்ளே 12, வெளியே 145. ஓர் அயனி உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகும் மின்னழுத்தத்தைத் தருவது நெர்ன்ஸ்ட் சமன்பாடு. 37 டிகிரி உடல் வெப்பத்தில் அது சொல்வது: வெளிச்செறிவை உட்செறிவால் வகுத்து, பத்தடி மடக்கை எடுத்து, 61.5 மில்லிவோல்ட்டால் பெருக்குங்கள். பொட்டாசியத்துக்கு 5-ஐ 140-ஆல் வகுத்தால் சுமார் 0.036, மடக்கை −1.45, விடை சுமார் −89 மில்லிவோல்ட். சோடியத்துக்குச் சுமார் +67.

ஓய்வில் இருக்கும் நியூரானின் மின்னழுத்தம் சுமார் −70. இரண்டு எண்களில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? பொட்டாசியத்துக்கு. ஏனென்றால் ஓய்வில் சவ்வு பெரும்பாலும் பொட்டாசியத்தைத்தான் கசியவிடுகிறது, சோடியத்தைக் கொஞ்சமாகவே விடுகிறது. சோடியக் கால்வாய்கள் திடீரெனத் திறந்தால் மின்னழுத்தம் +67-ஐ நோக்கிப் பாயும். அந்தப் பாய்ச்சல்தான் நரம்புத் துடிப்பின் எழுச்சி. அதுவரை போய்ச் சேராது. அதற்குள் சோடியக் கால்வாய்கள் அடைபட்டு, பொட்டாசியக் கால்வாய்கள் திறந்து கீழே இழுத்துவிடும்.

இந்தச் சின்னக் கணக்கில் வேதியியலின் செறிவு, இயற்பியலின் மின்னழுத்தம், கணிதத்தின் மடக்கை, உயிரியலின் கால்வாய்ப் புரதம் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன. அடுத்த கட்டம் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லியின் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள். ஹக்ஸ்லி அவற்றைக் கையால் சுற்றும் கணக்குப் பொறியில் போட்டு விடை கண்டார். பைத்தான் நிரல்மொழியில் அறுபது எழுபது வரிகளில் நீங்கள் எழுதிவிடலாம். எழுதியபின் சோடியக் கால்வாயின் கடத்துதிறனைப் பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள். அப்புறம் மூடிய புத்தகத்தோடு, ஏன் அப்படி ஆனது என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

புள்ளியியல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் தள்ளிப்போடுவது இதைத்தான். 2009-ல் கிரெய்க் பென்னெட்டும் சக ஆய்வாளர்களும் இறந்துபோன ஒரு சால்மன் மீனை, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினார்கள். வழக்கமான அலசலில் மீனின் மூளையில் சில புள்ளிகள் "செயல்படுவதாக" வந்தன. காரணம் கணக்குதான். மூளைப் படத்தில் ஒரு லட்சம் புள்ளிகள் இருந்து, ஆயிரத்தில் ஒரு பிழையை அனுமதித்தால், ஒன்றுமே நடக்காதபோதும் சுமார் நூறு புள்ளிகள் ஒளிரும். பல ஒப்பீடுகளுக்கான திருத்தத்தைச் செய்ததும் மீனின் மூளையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு 2013-ல் கேத்தரின் பட்டனும் குழுவினரும் நரம்பறிவியல் ஆய்வுகளின் புள்ளியியல் வலுவைக் கணக்கிட்டபோது அதன் இடைநிலை அளவு 21 சதவீதம்தான் என்று வந்தது. அதாவது உண்மையிலேயே இருக்கும் ஒரு விளைவைக்கூட ஐந்தில் நான்கு முறை தவறவிடும் அளவுக்கு மாதிரிகள் சிறியவை. இதைப் புரிந்துகொண்ட இரண்டாம் ஆண்டு மாணவர், புரியாத முனைவர் பட்ட மாணவரைவிட நல்ல ஆய்வைச் செய்வார் என்று உறுதியாக நம்புகிறேன். இரண்டு பருவமாவது புள்ளியியல் படியுங்கள்.

படி 4: ஆண்டுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பட்டம் மூன்றாண்டோ நான்காண்டோ, வரிசை ஒன்றுதான். முதல் ஆண்டு கணிதம், வேதியியல், செல் உயிரியல், அறிமுக உளவியல், நிரலெழுதுதல். இரண்டாம் ஆண்டு நரம்பு உடலியல், அறிதல் உளவியல், புள்ளியியல். ஆய்வகத்தைத் தட்ட வேண்டியதும் இந்த ஆண்டில்தான். அதன்பின் உங்கள் கேள்விக்கு நேராகப் பயன்படும் மேல்நிலைப் பாடங்களும் ஒரு சொந்த ஆய்வும்.

ஒரு பருவத்தில் மூன்று கனமான பாடங்களுக்கு மேல் போட வேண்டாம். நரம்பு உடற்கூறியலும் கரிம வேதியியலும் ஒரே பருவத்தில் வந்தால் இரண்டுமே மனப்பாடமாகச் சுருங்கிவிடும். தத்துவத்திலோ அறிவியல் வரலாற்றிலோ ஒரு பாடமாவது எடுங்கள். எதை ஆதாரமாக ஏற்பது என்று வாதிடப் பழகுவது பின்னால் எல்லா இடத்திலும் கைகொடுக்கும்.

படி 5: ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் முறை

முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை போனால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். சுருக்கத்தைப் படித்ததும் நேராகப் படங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று விஷயங்களைச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்: குறுக்கு அச்சிலும் நெடுக்கு அச்சிலும் இருப்பது என்ன, ஒரு புள்ளி எதைக் குறிக்கிறது, எத்தனை விலங்குகள் அல்லது மனிதர்கள். கடைசியைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று எலிகளிலிருந்து முந்நூறு நியூரான்கள் என்றால், அவற்றை முந்நூறு தனித்தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. ஒரே எலியின் நியூரான்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

பிறகு செய்முறைப் பகுதி. முன்னுரையும் விவாதமும் கடைசியில். ஆசிரியர்களின் முடிவைப் படிக்கும் முன்னால் உங்கள் முடிவை எழுதிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை.

வேறு துறை மாணவர் ஒருவரோடு சேர்ந்து வாரம் ஒரு கட்டுரை படியுங்கள். உயிரியல் மாணவர் "எந்த வகை நியூரான்?" என்பார், இயற்பியல் மாணவர் "இரைச்சல் எவ்வளவு?" என்பார், உளவியல் மாணவர் "ஒப்பீட்டுக் குழு எங்கே?" என்பார். இந்த மூன்று கேள்விகளும் ஒரே தலைக்குள் எழத் தொடங்கும் நாளுக்காகத்தான் இத்தனை துறைகளையும் படிக்கிறோம்.

படி 6: ஆய்வகத்துக்குள் நுழையுங்கள்

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதன் ஒரு குறிப்பிட்ட படத்தைப் பற்றி உண்மையான ஒரு கேள்வி. உங்களுக்கு இப்போது என்ன செய்யத் தெரியும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும். அவ்வளவு போதும். "சிறு வயது முதலே மூளை மீது ஆர்வம்" என்ற வரி வேண்டாம், எல்லோரும் எழுதுகிறார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குப் பிறகு அடுத்தவரைப் பாருங்கள். முனைவர் பட்ட மாணவருக்கு எழுதுவதும் நல்ல வழி, உங்களுக்கு நாள்தோறும் கற்றுத்தரப்போவது பெரும்பாலும் அவர்தான்.

சேரும் முன்னால் அங்கே இருக்கும் இளங்கலை மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பாத்திரம் கழுவுவதைத் தாண்டி என்ன செய்கிறார்கள், கேள்வி கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். புகழைவிட இது முக்கியம். விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வகம் என்றால் நெறிமுறைப் பயிற்சி முடிக்காமல் எதையும் தொட முடியாது. அந்த வேலை உங்கள் மனசுக்கு ஒத்துவருமா என்பதையும் நேர்மையாக யோசியுங்கள். ஒத்துவராது என்றால் மனித ஆய்வும் கணிப்பு ஆய்வும் இருக்கின்றன, அதில் எந்தக் குறையும் இல்லை.

படி 7: ஆய்வகம் கிடைக்காவிட்டாலும் சொந்தமாக ஒன்று செய்யுங்கள்

இன்றைய மாணவருக்கு இருக்கும் பெரிய வசதி இது. ஓப்பன்நியூரோ தளத்தில் மூளைப் படங்களும், டேண்டி தளத்தில் நியூரான் பதிவுகளும், ஆலன் நிறுவனத்தின் தளத்தில் சுண்டெலிப் பார்வைப் புறணியின் பதிவுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2020-ல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் கணிப்பு நரம்பறிவியல் பாடங்களையும் யாரும் திறந்து படிக்கலாம்.

நம் தூக்கக் கேள்விக்கே வருவோம். பிசியோநெட் தளத்தில் ஸ்லீப்-இடிஎஃப் என்ற தொகுப்பு இருக்கிறது. பலருடைய முழு இரவு மூளை அலைகள், தூக்க நிலைகள் குறிக்கப்பட்டவை. இளைஞர்களும் முதியவர்களும் அதில் உண்டு. நொடிக்கு 100 முறை பதிவான அந்த அலையைப் பைத்தானின் எம்என்இ நூலகத்தில் திறங்கள். இரண்டாம் நிலைத் தூக்கத்தை மட்டும் வெட்டியெடுங்கள். 11 முதல் 16 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். வீச்சு ஒரு வரம்பைத் தாண்டி அரை நொடியாவது நீடித்தால் அது ஒரு தூக்கக் கதிர் என்று எண்ணுங்கள். வயது கூடும்போது எண்ணிக்கை குறைகிறதா?

குறைகிறது என்று ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். அதனால்தான் இதைப் பயிற்சிக்குச் சொல்கிறேன். உங்கள் விடை வேறு மாதிரி வந்தால் எங்கே பிசகியது என்று தேடலாம். தேடும்போது உண்மையான சிக்கல் கண்ணில் படும். வரம்பை எல்லோருக்கும் ஒன்றாக வைத்தீர்களா, ஆளுக்கு ஆள் மாற்றினீர்களா? முதியவர்களுக்கு அலையின் வீச்சே சிறியது என்றால், ஒரே வரம்பு அவர்களுடைய கதிர்களைத் தவறவிட்டுக் குறைந்ததாகக் காட்டும். எண்ணிக்கை குறைந்ததா, உயரம் குறைந்ததா? இந்த இடத்தில் சமிக்ஞை அலசலும் உடலியலும் புள்ளியியலும் ஒரே முடிச்சாக நிற்கின்றன. அந்த முடிச்சை அவிழ்த்து ஐந்து பக்கம் எழுதுங்கள், நிரலையும் சேர்த்துப் பொதுவில் வையுங்கள்.

படி 8: எந்த மட்டத்தில் பேசுகிறோம் என்று கவனியுங்கள்

துறைகளுக்கு நடுவே நடக்கும் சண்டைகளில் பாதி, ஆளுக்கொரு மட்டத்தில் நின்று பேசுவதால் வருபவை. நரம்பறிவியலாளர் டேவிட் மார் மூன்று மட்டங்களைப் பிரித்தார்: அமைப்பு எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, எந்த வழிமுறையால் தீர்க்கிறது, அந்த வழிமுறை எந்தப் பொருளில் நடக்கிறது. தூக்கத்தில் பழையதைக் காப்பாற்றியபடி புதியதைச் சேர்ப்பது முதல் மட்டம். பகலின் துடிப்புகளை மறுபடி ஓட்டுவது இரண்டாவது. ஹிப்போகாம்பஸ், சினாப்ஸ், கால்வாய் மூன்றாவது. கட்டுரை படிக்கும்போது ஓரத்தில் 1, 2, 3 என்று குறித்துவாருங்கள்.

2017-ல் எரிக் ஜோனாஸும் கோன்ராட் கோர்டிங்கும் செய்த ஆய்வு இதற்கு நல்ல பாடம். பழைய வீடியோ கேம்களை ஓட்டிய 6502 என்ற சில்லுக்கு நரம்பறிவியலின் வழக்கமான முறைகளை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக முடக்கினார்கள், எந்த விளையாட்டு நிற்கிறது என்று குறித்தார்கள். ஒரு விளையாட்டை மட்டும் நிறுத்தும் டிரான்சிஸ்டர்கள் கிடைத்தன. ஆனால் அவற்றை "அந்த விளையாட்டுக்கான டிரான்சிஸ்டர்" என்று சொல்வது அபத்தம் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் சில்லை வடிவமைத்தவர்கள் நாமே. மூளையில் ஒரு பகுதி கெட்டால் ஒரு திறன் போகிறது என்ற தகவலிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது ஒரு கடுமையான எச்சரிக்கை.

படி 9: கடைசி ஆண்டும் அதற்குப் பிறகும்

இறுதியாண்டு ஆய்வுக்கு இரண்டு வழிகாட்டிகள் இருந்தால் நல்லது, ஒருவர் தாய்த்துறையிலிருந்தும் இன்னொருவர் மற்றத் துறையிலிருந்தும். இருவரும் ஒரே கூட்டத்தில் உட்காரும்படி மாதம் ஒருமுறையாவது ஏற்பாடு செய்யுங்கள். தனித்தனியாகச் சந்தித்தால் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

முனைவர் பட்டம் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். மருத்துவம், மருத்துவக் கருவி வடிவமைப்பு, தரவு அறிவியல், பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சை, அறிவியல் எழுத்து என்று பல பக்கம் போகலாம். இன்னும் தெரியவில்லை என்றால் ஓராண்டு ஆய்வக உதவியாளராக வேலை பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்ல யோசனை.

எங்கே விண்ணப்பித்தாலும் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். கேட்கும்போது ஆசிரியருக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: உங்கள் கேள்வி என்ன, அதற்காக எந்தப் பாடங்களை ஏன் எடுத்தீர்கள், எதை நீங்களே செய்தீர்கள், எது சரியாக வரவில்லை, அடுத்து என்ன செய்ய விரும்புகிறீர்கள். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.